சிவப்பு முதலில், வெள்ளி அடுத்து

ஆர்லாண்டோவிலிருந்து ஐ-4 நெடுஞ்சாலையில் வடகிழக்கே சுமார் 65 கிலோமீட்டர் போனால் டிலாண்ட். செயின்ட் ஜான்ஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் கடைகளும் விளம்பரப் பலகைகளும் குறைந்துவிடுகின்றன. சாலையோர ஓக் மரங்களில் சாம்பல் நிறப் பாசி சடைசடையாகத் தொங்குகிறது. மார்ச் மாதத்துச் சனிக்கிழமை, காலை ஏழரை மணி. வண்டிக் கண்ணாடியை இறக்கினால் இதமான குளிர். பெட்ரோல் பங்க்கில் காப்பியும் முட்டை சாண்ட்விச்சும் வாங்கினேன், 9 டாலர். விமான நிலையத்துக்கு வழி கேட்டதும் கல்லாவில் இருந்த அம்மாள், “குதிக்கவா போகிறீர்கள்?” என்றார். இந்த ஊருக்கு வரும் வெளியாளை முதலில் அதைத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது.

குதிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. குதித்த பிறகு பாராசூட் மக்கர் செய்தால் என்ன செய்வது என்பதைத் தரையில் வைத்து எப்படிப் பழக்குகிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன். ஸ்கைடைவிங் செய்யும் நண்பர்களிடம் இதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் வரும்: “இரண்டு கைப்பிடி இருக்கிறது. ஒன்றை இழு, அடுத்ததை இழு. பத்து நிமிஷப் பாடம்.” பத்து நிமிஷப் பாடத்துக்கு அமெரிக்கப் பாராசூட் சங்கம் 1997 முதல் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஒரு முழு நாளை ஏன் ஒதுக்குகிறது? அதற்குப் பெயர் பாதுகாப்பு நாள். புதிதாகச் சேர்ந்தவர்களும் ஆயிரம் முறை குதித்தவர்களும் அன்றைக்கு ஒரே கூரையின் கீழ் உட்காருவார்கள். கட்டணம் கிடையாது.

விமான நிலையம் ஊர் நடுவிலிருந்து ஐந்து கிலோமீட்டர் இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை தன் விமானிகளைப் பழக்கிய தளம் இது. இன்று ஓடுபாதையைச் சுற்றிலும் பாராசூட் தொழில். யுனைடெட் பாராசூட் டெக்னாலஜீஸ், பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் என்று உலகெங்கும் ஸ்கைடைவர்களின் முதுகுப் பையிலும் துணியிலும் காணும் பெயர்கள் இங்கே கட்டடங்களின் முகப்பில் இருக்கின்றன. வண்டியை நிறுத்தி இறங்கும்போதே தலைக்கு மேலே துணி படபடக்கும் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் ஐந்தாறு வண்ணப் பாராசூட்டுகள் வட்டமடித்து இறங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒழுங்காக விரிந்தவை.

ஹேங்கருக்குள் நுழைந்தால் தரை முழுக்கக் கம்பளம். அதன் மேல் முழங்காலிட்டுப் பாராசூட்டை மடித்துக்கொண்டிருந்தார்கள் நாலைந்து பேர். நைலான் வாசனையும் பெட்ரோலிய வாசனையும் கலந்து வருகிறது. சுவரில் விமானத்திலிருந்து எடுத்த பெரிய படம் ஒன்று. இறங்கும் திடல் எது, திடலை எட்ட முடியாவிட்டால் எந்த வயல், எந்த மைதானம், எங்கெல்லாம் மின்கம்பி, எங்கெல்லாம் ஏரி என்று அதில் குறித்திருக்கிறார்கள். நீலக் குறிகள் நிறைய. ஃப்ளோரிடா ஏரிகளில் முதலை உண்டே என்று பக்கத்தில் நின்ற பயிற்சியாளரிடம் கேட்டேன். அறுபது வயது இருக்கும், வெயிலில் கருத்த முகம். முதலை இரண்டாவது பிரச்சினை, முதலாவது தண்ணீரில் நனைந்து காலைச் சுற்றும் துணி என்றார்.

முதலில் வகுப்பு. மடக்கு நாற்காலிகளில் சுமார் முப்பது பேர். முதுகுப் பைக்குள் இரண்டு பாராசூட்டுகள் இருக்கின்றன என்பதிலிருந்து ஆரம்பித்தார் பயிற்சியாளர். ஒன்று மெயின், அதைக் குதிப்பவரே மடிக்கலாம். மற்றது ரிசர்வ், அதை உரிமம் பெற்ற பாராசூட் தொழில்நுட்பக்காரர், அதாவது ரிக்கர்தான் மடிக்க வேண்டும். மார்புப் பக்கத்தில் இரண்டு கைப்பிடிகள். வலப்பக்கம் மெத்தென்ற சிவப்புத் துணிப் பிடி. அதை இழுத்தால் மெயின் பாராசூட் தோளிலிருந்து கழன்று போய்விடும். இதைத்தான் கட்அவே என்கிறார்கள். இடப்பக்கம் வெள்ளி நிறத்தில் உலோக வளையம். அதை இழுத்தால் ரிசர்வ் வெளியே வரும். சிவப்பு முதலில், வெள்ளி அடுத்து. கெட்டுப்போன மெயின் தலைக்கு மேல் இருக்கும்போதே ரிசர்வை வெளியே விட்டால் இரண்டும் பின்னிக்கொள்ளலாம். வரிசைக்குக் காரணம் அதுதான்.

அடுத்து அவர் பலகையில் எழுதிய கணக்கு வகுப்பைக் கொஞ்சம் அமைதியாக்கியது. வயிறு கீழே இருக்கும்படி விழும் ஒருவரின் வேகம் மணிக்கு 120 மைல், அதாவது 193 கிலோமீட்டர். ஒரு வினாடிக்கு 176 அடி. மாணவர்கள் 5,500 அடியில் பாராசூட்டைத் திறக்கத் தொடங்க வேண்டும். 2,500 அடி வருவதற்குள் இது உதவுமா உதவாதா என்று முடிவெடுத்துவிட வேண்டும். அனுபவசாலிகளுக்கு அந்த எல்லை 1,800 அடி. 1,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் கட்அவே கூடாது. கழற்றிவிட்ட பிறகு ரிசர்வ் விரிய உயரம் போதாது. துணி எதுவுமே வெளியே வராமல் 2,500 அடியில் இருக்கிறீர்கள் என்றால் மிச்சம் எவ்வளவு நேரம்? யாரோ கைபேசியில் வகுத்துப் பார்த்துச் சொன்னார்: 14 வினாடி.

கோளாறுகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். துணி வெளியே வராதது, அல்லது பை மட்டும் வெளியே வந்து அதற்குள்ளேயே துணி பூட்டிக்கொண்டது: இவை வேகமான கோளாறுகள், யோசிக்க நேரமே இல்லை. துணி வந்துவிட்டது, ஆனால் ஒழுங்காக இல்லை: இவை மெதுவான கோளாறுகள். இரண்டாவது வகையில்தான் சிக்கல் அதிகம் என்றார். நேரம் இருப்பதுபோல் தோன்றும். கையில் ஒரு பாராசூட் இருக்கிறதே என்று மனசு சமாதானம் சொல்லும். விரிந்ததும் மேலே பார்த்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். துணி இருக்கிறதா? சதுரமாக இருக்கிறதா? திருப்பினால் திரும்பி, பிரேக் பிடித்தால் நிற்கிறதா? மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றால் அடுத்த வேலை சிவப்பு.

வகுப்பு முடிய ஒரு மணி நேரம் ஆனது. எல்லாரும் தலையாட்டினார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சரியாக வந்தது. ஏட்டுச் சுரைக்காயின் நிலவரம் அடுத்த அரை மணியில் தெரிந்தது.

ஹேங்கரின் மூலையில் ஒரு இரும்பு உத்தரம். அதிலிருந்து இரண்டு அகலப் பட்டைகள் தொங்குகின்றன, நுனியில் பழைய ஹார்னஸ். முக்காலியில் ஏறி, தொடைப் பட்டைகளையும் மார்புப் பட்டையையும் இறுக்கிக் கட்டியதும் முக்காலியை உருவிவிடுகிறார்கள். கால் தரையிலிருந்து முழ உயரத்தில் தொங்கும். பயிற்சிக்கான கைப்பிடிகள் என்பதால் இழுத்தாலும் விழமாட்டோம். வெல்க்ரோ மட்டும் பிரிந்து வரும், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

யாரும் தொங்கலாம் என்றதால் நானும் ஏறினேன். நின்றுகொண்டிருந்தபோது சிவப்புப் பிடி விலா எலும்பின் கீழ்ப்பகுதியில் இருந்தது. கண் மூடிக் கை வைத்தாலும் அகப்படும். முக்காலி போனதும் உடல் எடை முழுவதும் தொடைப் பட்டைகளில் இறங்கியது, ஹார்னஸ் மேலே ஏறியது. கைப்பிடிகள் நாலு விரல்கடை உயர்ந்து மார்பருகே வந்துவிட்டன. உலோக வளையம் உள்பக்கமாகத் திரும்பி, பட்டைக்கும் சட்டைக்கும் நடுவே பாதி ஒளிந்துகொண்டது. தோள் பட்டைகள் காதோடு உரசிக்கொண்டு மேலே போகின்றன. தலையைக் குனிந்தால் ஹெல்மெட்டின் தாடைப் பட்டி இடிக்கிறது. வகுப்பில் சொன்ன ‘வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் வெள்ளி’ என்பது பொய்யில்லை. இடம் மாறும் என்பதை மட்டும் தொங்கினால்தான் உடம்பு நம்புகிறது.

பயிற்சியாளர் என் முன்னால் நின்று மெதுவாகச் சொல்லித்தந்தார். உடலை வில்லாக வளை. சிவப்பைப் பார், சிவப்பைப் பிடி. வெள்ளியைப் பார். சிவப்பை இழு. வெள்ளியை இழு. சிவப்பை இழுக்கும் முன்பே வெள்ளியைப் பார்ப்பது ஏன் என்று கேட்டேன். சிவப்பை இழுத்த அடுத்த நொடி மறுபடியும் கீழே விழத் தொடங்கிவிடுவோம், உடல் புரளும், பட்டைகள் தளர்ந்து கைப்பிடி வேறு இடத்துக்குப் போயிருக்கும். அதற்குப் பிறகு தேட முடியாது, கண் ஏற்கனவே அதன் மேல் இருக்க வேண்டும் என்றார்.

என்னை இறக்கிவிட்டு, கல்லூரி மாணவி போலிருந்த ஒரு பெண்ணை ஏற்றினார்கள். இன்னும் முதல் குதிப்பே குதிக்காதவர். பயிற்சியாளர் கையில் பிளாஸ்டிக் உறை போட்ட படங்கள் ஒரு கட்டு. ஒவ்வொன்றாக அவர் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார்; மேலே பார்த்து, இது என்ன, என்ன செய்வாய் என்று செய்தே காட்ட வேண்டும். முதல் படம் ஒழுங்கான பாராசூட். இரண்டாவதில் துணியின் ஓரத்துக் காற்றறை மடங்கியிருந்தது. இது பிரேக் பிடித்தால் சரியாகிவிடும் என்று கையைக் கீழே இழுத்துக் காட்டினார். மூன்றாவதில் ஒரு கயிறு துணியின் மேலே ஏறி, நடுவில் இறுக்கி, துணியை வண்ணத்துப்பூச்சி போல இரண்டாகப் பிரித்திருந்தது. “கட்அவே!” என்று கத்தினார். கத்தியது சரி. கை நேராகச் சிவப்புக்குப் போனது, அதுவும் சரி. ஆனால் கண் பயிற்சியாளரின் முகத்திலேயே இருந்தது, சரியா தவறா என்று அங்கே தேடுவதுபோல. வெல்க்ரோ சர்ரென்று பிரிந்தது. பிடி பாதி தூரம் வந்து இடுப்பருகே நின்றுவிட்டது.

பயிற்சியாளர் திட்டவில்லை. அந்தக் கையை அப்படியே பிடித்து, முழங்கை நேராகும் வரை நீட்டிவிட்டார். சிவப்புப் பிடிக்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில் இரண்டு நீளமான கேபிள்கள் தோளுக்குப் போகின்றன. கேபிள் முழுக்க உருவி வந்தால்தான் இரண்டு தோளும் கழலும். பாதியில் நிறுத்தினால் ஒரு தோள் கழன்று மறு தோள் கழலாமல் இருக்கலாம். அது முன்பிருந்ததைவிட மோசம். பிறகு, “என் முகத்தில் கைப்பிடி இல்லையே அம்மா” என்கிற தொனியில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, தானாகவே மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை தாடை நெஞ்சில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

அடுத்தவர் இருபது சொச்சம் முறை குதித்த இளைஞர், பேச்சில் தெம்பு அதிகம். அவருக்குக் காட்டிய படம் கயிறுகள் முறுக்கிக்கொண்டது. இது பெரும்பாலும் சரிசெய்யக் கூடியது: பட்டைகளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக் காலை உதைத்துச் சுழன்றால் முறுக்கு பிரியும். பயிற்சியாளரும் இன்னொருவரும் சேர்ந்து ஹார்னஸை நிஜமாகவே நாலு சுற்று முறுக்கிவிட்டார்கள். பட்டைகள் கழுத்துக்குப் பின்னால் பின்னிக்கொண்டன. இளைஞர் உதைக்கத் தொடங்கினார். பயிற்சியாளர் உயரத்தை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்: நாலாயிரம். மூவாயிரத்து ஐந்நூறு. மூவாயிரம். இளைஞர் உதைத்துக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்து ஐந்நூறு. ஒரு முறுக்குப் பிரிந்தது. இரண்டாயிரம். முகம் சிவந்து மூச்சு வாங்கியது. இன்னும் ஒரே ஒரு முறுக்குதான் பாக்கி. ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரம். அப்போதுதான் நிறுத்தி நிமிர்ந்தார்.

இடக்கை மணிக்கட்டில் உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் கட்டியிருந்தார். அதை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காதருகே சொன்ன எண்ணும் ஏறவில்லை. பதற்றத்தில் மூளை மரத்துப்போகும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்தது வேறு. அவருக்குப் பயமே இல்லை. செய்துகொண்டிருந்த வேலை கிட்டத்தட்ட முடியப்போகிறது என்கிற முனைப்பு இருந்தது. எந்த அறையில், எந்த அலுவலகத்தில் வேண்டுமானாலும் பாராட்டப்படும் குணம். 2,500 அடியில் அது ஆளை விழுங்கிவிடும்.

தானாகத் திறக்கும் கருவி இருக்கிறதே என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். இருக்கிறது. ஜெர்மனியின் ஹெல்முட் கிளோத் வடிவமைத்த சைப்ரஸ் கருவி 1991-இல் விற்பனைக்கு வந்தது. அனுபவசாலிகளுக்கான வகை, 750 அடி உயரத்தில் மணிக்கு 78 மைலுக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வை மூடியிருக்கும் கண்ணியை வெட்டிவிடும். நினைவிழந்தவர்களையும் உயரம் மறந்தவர்களையும் அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் தலைக்கு மேல் பாதி விரிந்த துணி ஒன்று இருந்து, அது வேகத்தை 78 மைலுக்குக் கீழே குறைத்துவிட்டால் கருவிக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் படும். மாணவர்களுக்கான வகையில் வேக வரம்பு மிகவும் குறைவு. காரணம் இதுதான்.

பதினோரு மணிக்கு மேல் அனுபவசாலிகளின் முறை வந்தது. இவர்கள் தொங்குவதைப் பார்க்கத்தான் எனக்கு ஆவல். முதலில் வந்தவர் சரசரவென்று முடித்தார். கண், கை, கண், இழுப்பு, இழுப்பு. மொத்தம் மூன்று வினாடி இருக்கும். அடுத்தவருக்குப் படம் காட்டியதும் கை வழக்கமான இடத்துக்குப் போய் வெறும் துணியைப் பிடித்தது. சமீபத்தில் புது ஹார்னஸ் வாங்கியவர். அதில் கைப்பிடி வேறு வடிவம், சிவப்பும் மெத்தை, ரிசர்வும் மெத்தை. பழைய உலோக வளையத்தைத் தேடிப் பழகிய கட்டை விரல் காற்றில் துழாவியது. ஒரு நொடி, ஒன்றரை நொடி. பார்த்ததும் பிடித்துவிட்டார். விளையாட்டில் பழுத்த ஆள். கோளாறு அவர் கையின் ஞாபகத்தில் இருந்தது.

பக்கத்து மேசையில் ஒரு வாக்குவாதம். ஒவ்வொரு கைப்பிடிக்கும் ஒவ்வொரு கையா, அல்லது ஒவ்வொன்றையும் இரண்டு கையாலுமா? ஒற்றைக் கைக்காரர்கள், இரண்டு பிடியும் ஏற்கனவே கையில் இருப்பதால் தேட வேண்டியதில்லை என்றார்கள். இரட்டைக் கைக்காரர்கள், சுழற்சியில் ஒரு கையின் பலம் போதாமல் போகலாம் என்றார்கள். அடுத்து இன்னொன்று: மெயினை வெளியே இழுக்க வேண்டிய குட்டிப் பாராசூட் மட்டும் வந்து, மெயின் உள்ளேயே இருந்துவிட்டால் சிவப்பை இழுத்து நேரத்தை வீணாக்குவானேன், நேராக வெள்ளிக்குப் போகலாமே? சங்கத்தின் கையேடே இரண்டு வழியையும் ஏற்கிறது. பயிற்சியாளர் குறுக்கே வந்து தீர்ப்புச் சொல்லவில்லை. எதையாவது ஒன்றைத் தரையிலேயே தீர்மானியுங்கள், மேலே போய் இந்த விவாதத்தை நடத்தாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பாராசூட்டும் சேர்ந்து விரிந்துவிட்டால்? அதற்கும் படம் இருந்தது. ஒன்றின் பின் ஒன்றாக நின்றால் எதையும் கழற்றாமல் முன்னால் இருப்பதை மெல்லத் திருப்பிக்கொண்டே இறங்க வேண்டும். இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்து தரையைப் பார்த்து இழுத்தால் மெயினைக் கழற்ற வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறினார்கள். காலையிலிருந்து ‘சிவப்பு, வெள்ளி’ என்று பழகிய கைக்கு ‘எதையும் தொடாதே’ என்பது கஷ்டமான பாடம்.

மதியம் வெளியே சரளைக் குழியில் இறங்கும் பயிற்சி. மூன்றடி மேடையிலிருந்து கால்களைச் சேர்த்து வைத்துக் குதித்து, பாதம், கெண்டைக்கால், தொடை, பிட்டம், முதுகின் ஓரம் என்று வரிசையாகத் தரையில் உருள வேண்டும். ரிசர்வில் இறங்குகிறவர் பெரும்பாலும் நினைத்த இடத்தில் இறங்குவதில்லை. வேலிக்குப் பக்கமோ, வயல் மேட்டிலோ இறங்கும்போது இந்த உருளல் கணுக்காலைக் காப்பாற்றும். கை ஊன்றாதே என்று பத்துத் தடவை சொல்லியும் பாதிப் பேர் கை ஊன்றினார்கள்.

இடையில் விமானம் ஏறும் இடத்துக்குப் போய் நின்றேன். ட்வின் ஆட்டர் விமானம், இருபது பேருக்கு மேல் ஏறலாம். 13,500 அடி வரை ஏற்றிவிடும் ஒரு டிக்கெட் 30 டாலருக்குக் கொஞ்சம் மேல். இன்ஜின் புகையும் புழுதியும் முகத்தில் அடிக்கிறது. வரிசையில் நின்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே ஒருவர் முதுகை ஒருவர் திருப்பிப் பின்களைச் சரிபார்த்தார்கள். அதோடு பலருடைய கை தன்னால் மார்புக்குப் போய் வந்ததைக் கவனித்தேன்: சிவப்பைத் தொடு, வெள்ளியைத் தொடு, இடுப்புக்குப் பின்னால் மெயினைத் திறக்கும் பிடியைத் தொடு. காலையில் முறுக்கில் மாட்டிய இளைஞரும் அந்த வரிசையில் இருந்தார். அவர் இரண்டு முறை தொட்டார். இரண்டாவது முறை குனிந்து பார்த்துத் தொட்டார்.

நாலு மணிக்கு ரிக்கரின் பட்டறைக்குப் போனேன். ஹேங்கருக்குப் பின்னால் நீளமான மேசை, தையல் இயந்திரங்கள். சுவரில் ரிசர்வை மறுபடி மடித்துக் கொடுக்கும் கூலி எழுதியிருந்தது: 90 டாலர். அமெரிக்க விதிப்படி ரிசர்வை 180 நாளுக்கு ஒருமுறை திறந்து, சோதித்து, மடித்து மூட வேண்டும். 2008 கடைசி வரை இது 120 நாளாக இருந்தது. மூடியதும் பின்னைச் சுற்றிச் சிவப்பு நூல், நூலில் ஈய முத்திரை, முத்திரையில் ரிக்கரின் அடையாள எழுத்துகள்.

தோளில் இருக்கும் மூன்று வளையத்தைக் கையில் கொடுத்துக் காட்டினார் ரிக்கர். பெரிய வளையத்துக்குள் நடுத்தர வளையம் மடங்கி நுழைகிறது, அதற்குள் சின்ன வளையம், அதன் மேல் ஒரு மெல்லிய கயிற்றுக் கண்ணி. கண்ணியைப் பிடித்திருப்பது அந்த மஞ்சள் கேபிள். ஒவ்வொரு வளையத்திலும் நெம்புகோல் கணக்கில் பாரம் குறைந்துகொண்டே போவதால், ஒரு ஆளின் எடையைத் தாங்கும் பட்டையைக் கடைசியில் ஒரு கயிற்றுக் கண்ணி பிடித்து நிறுத்துகிறது. இதைக் கண்டுபிடித்தவர் பில் பூத், 1970-களில். இந்த ஊரின் யுனைடெட் பாராசூட் டெக்னாலஜீஸ் அவர் தொடங்கிய நிறுவனம்தான். அதற்கு முன்னால் ராணுவத்திலிருந்து வந்த கேப்வெல் கொக்கிகள் இரண்டு தோளிலும் தனித்தனியே இருந்தன. மூடியைத் திறந்து, இரண்டையும் கழற்றி, அதற்குப் பிறகு ரிசர்வைத் தேட வேண்டும். இப்போது ஒரே இழுப்பு. 1970-களில் அமெரிக்காவில் ஸ்கைடைவிங்கில் ஆண்டுக்குச் சராசரி 42 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023-இல் 36 லட்சத்துக்கு மேற்பட்ட குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். கருவிக்கும் பழக்கத்துக்கும் சேர்த்தே அந்தப் பெருமை.

இந்தப் பட்டறையில் ஒரு நிபந்தனை உண்டு. ரிசர்வைப் புதுப்பிக்கக் கொண்டுவருகிறவர், அதை மேசையில் வைத்துவிட்டுப் போக முடியாது. மாட்டிக்கொண்டு தொங்க வேண்டும். சொந்தக் கைப்பிடிகளை இழுத்துத் தானே ரிசர்வை வெளியே எடுக்க வேண்டும். எப்படியும் பிரிக்கப்போகிற ரிசர்வ்தானே! நான் இருந்தபோது ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். நாலு ஆண்டாகக் குதிக்கிறார், மேலே ஒரு தடவைகூட ரிசர்வை இழுத்ததில்லை. தொங்கவிட்டார்கள். சிவப்பு சுலபமாக வந்தது. வெள்ளியை இழுத்தார், வரவில்லை. அவர் முகம் மாறியது. ரிக்கர் அசையாமல் நின்றார். “இழுங்கள்.” இரண்டு கையாலும் பிடித்து வெளிப்பக்கமாகத் தள்ளியதும் உள்ளேயிருந்த சுருள்வில் டப்பென்று பாய்ந்து, ரிசர்வை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட் எதிர்ச்சுவரில் போய் மோதியது.

கோளாறு எதுவும் இல்லை என்று பிறகு ரிக்கர் அவரிடம் விளக்கினார். இழுக்கத் தேவையான பலம் 10 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது அளவு. தராசு வைத்துச் சோதித்தே மூடியிருந்தார். ஒற்றைக் கையால், கோணலாக, முதல்முறையாக இழுக்கிறவருக்கு அதுவே கல்லாக இருக்கும். அந்த மனிதர் குட்டிப் பாராசூட்டைப் பொறுக்கி எடுத்துவந்து மேசையில் வைத்தார். துணிக்குச் சட்டம் 180 நாள் கெடு வைத்திருக்கிறது. அவருடைய கைக்கு நாலு ஆண்டாக யாரும் கெடு வைக்கவில்லை. போன தடவை வரை வேறொரு பட்டறையில் கொடுத்து வாங்கியிருக்கிறார். இங்கேயும் கூலி அதே 90 டாலர்தான் என்று சொல்லிவிட்டு, அடுத்த தேதியைக் கைபேசியில் குறித்துக்கொண்டார்.